எந்தச் சத்தம் இருக்கட்டும்?

போன மாதம் நித்யா போன் செய்தார். நான் வேலை பார்த்த மரத்தரை காண்ட்ராக்டர் அலுவலகத்தில் இப்போது சைட் சூப்பர்வைசர் அவர்தான். நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. வேலைக்குப் போகும் வீட்டில் நிரப்புகிற படிவத்தைப் புதிதாக அச்சடிக்கப் போகிறார்களாம். மரம் என்ன, எத்தனை அறை, ஈரக் கசிவு உண்டா என்கிற கேள்விகளெல்லாம் அவருக்குப் புரிகிறது. கடைசி வரிதான் புரியவில்லை. "எந்தச் சத்தம் இருக்கட்டும்?" என்று ஒரு கேள்வி.

"அண்ணே, இத எடுத்துடலாமா? கஸ்டமருங்க படிச்சிட்டு சிரிக்கிறாங்க" என்றார்.

எடுக்க வேண்டாம் என்றேன். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னவனே நான்தான். ஏன் என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். இதுவரை நான் எழுதியதெல்லாம் சாக்பீஸால் தரையில் போட்ட பெருக்கல் குறிதான். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பிறந்தது வியாசர்பாடி போர்டு குடியிருப்பில். மரத்தில் தரை போடுவார்கள் என்பதே பதினெட்டு வயது வரை எனக்குத் தெரியாது. அப்பா ரயில்வேயில் கலாசி. நான் வகுப்பில் உட்கார்ந்ததைவிட மைதானத்தில் பந்துக்குப் பின்னால் ஓடியது அதிகம். முட்டி பிசகிப் பந்தாட்டம் நின்றுபோனதும், சிநேகிதன் ஒருவன் ராயபுரத்தில் மரத்தரை மேஸ்திரி காசிம் பாயிடம் கொண்டுபோய் விட்டான். முதல் மூன்று வருடத்தில் ஆணி பிடுங்கினேன், தூசி கூட்டினேன், டீ வாங்கி வந்தேன், மறுபடி தூசி கூட்டினேன். அவ்வளவுதான்.

ராயபுரத்திலும் துறைமுகத்தை ஒட்டிய பழைய தெருக்களிலும் மாடித் தரைக்குப் பர்மா தேக்குப் பலகை போட்ட வீடுகள் இன்றைக்கும் இருக்கின்றன. கப்பல் சரக்கில் பணம் பார்த்தவர்கள் கட்டியவை. அந்தப் பலகைகளுக்கு மறு உயிர் கொடுப்பதுதான் எங்கள் வேலை. முதலில் ஆணித் தலைகளைப் பலகைக்குள் இறக்க வேண்டும். ஒரு ஆணியை விட்டாலும் தேய்க்கிற டிரம் மெஷினில் மாட்டிய உப்புத்தாளை அது கிழித்துவிடும். பிறகு முரட்டுத் தாள், நடுத்தரம், நைஸ் என்று மூன்று முறை தேய்ப்பு. மெஷின் போகாத மூலைகளைக் கையால் சுரண்ட வேண்டும். அந்த வீட்டுத் தரையிலிருந்து வந்த தூளையே பசையில் குழைத்து மக்காக்கி இடுக்கு அடைப்போம். வேறு வீட்டுத் தூள் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

பாலிஷ் போடுவதற்கு எங்கள் பக்கத்தில் தனிக் கணக்கு உண்டு. காலை ஆறு மணிக்குள் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும். நேரம் போனால் கடற்காற்று எழும். வெயிலோடு வருகிற காற்று நல்லதுதானே என்று நினைப்பீர்கள். அது துறைமுகத்துக் கரித்தூளையும் கண்டெய்னர் லாரிப் புழுதியையும் சேர்த்துக்கொண்டு வரும். காயாத பாலிஷில் அது படிந்தால், தரை கறுப்பு எள் தூவிய மிட்டாய் போல ஆகிவிடும். வெளியூரிலிருந்து வந்து மத்தியானம் பாலிஷ் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் அவர்கள் முகத்தையும் பார்த்திருக்கிறேன்.

காசிம் பாய் யாரையும் திட்டியதில்லை. அதுதான் கொடுமை. வேலை சரியில்லை என்றால் நம்மைப் பார்த்து "சாப்ட்டியா?" என்று கேட்பார். அன்பாகத்தான் கேட்பார். கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, லுங்கியை மடித்துக்கொண்டு, நாம் கெடுத்த இடத்தில் உட்கார்ந்து அவரே திருத்த ஆரம்பிப்பார். நாம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இரண்டு அறை கொடுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

டிரம் மெஷினை ஓட விட்டால் ஒரு இடத்தில் நிற்கக் கூடாது. நின்றால் மரத்தில் பள்ளம் விழும். நான்காவது வருடம் ஒரு வீட்டு ஹாலில், ஜன்னல் வழியே தெருவில் நடந்த சண்டையை எட்டிப் பார்த்தபடி நின்றுவிட்டேன். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பள்ளம். சோபாவை இழுத்து அதன் மேல் போட்டேன். பாய் வந்தார். டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்து ஹாலின் குறுக்கே அடித்தார். சோபாவின் அடியில் பள்ளத்தின் நிழல் விழுந்தது. "சாப்ட்டியா முருகேசா?" என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து அந்தப் பள்ளத்தின் சுற்றுவட்டாரத்தைச் சுரண்டிச் சமன் செய்தார். சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதன் பிறகு வேலை நன்றாகவே கைவந்தது. பாய் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "இந்த வூடு உன்னுது. நான் கடசீல வந்து பாக்குறேன், அவ்ளோதான்" என்று ஒரு விலாசத்தைக் கொடுத்தார். நான் தலைமை தாங்கிச் செய்யப்போகிற முதல் வீடு. அது சேவியர் ஐயாவின் வீடு.

சேவியர் ஐயா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய சாரங்கு. பெரிய கப்பல்களைக் கயிறு போட்டு உள்ளே இழுத்து வந்து நிறுத்தியவர். ஓய்வுக்குப் பிறகு சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அவர் மனைவி ரோசி டீச்சர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தளத்தை மீன்வலைக் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு இருவரும் மாடியில் இருந்தார்கள். ஒரே மகன் துபாயில். பலகையிலிருந்து சிலாம்பு குத்தி ஐயாவின் காலில் உண்டான புண் ஆற மூன்று மாதம் ஆகியிருந்தது. சர்க்கரைக்காரர் கால் என்பதால் மகன் பயந்துபோய்த் தரையைச் சரிசெய்யச் சொல்லியிருந்தார். "வழவழன்னு இருக்கணும், சத்தமே வரக் கூடாது" என்று போனில் என்னிடமும் சொன்னார்.

நான் நோட்டும் கையுமாகப் போனேன். என்ன நிறம், எவ்வளவு பளபளப்பு, எத்தனை பூச்சு என்று டீச்சரிடம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். சேவியர் ஐயா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "எத்தினி நாளு ஆவும் நைனா?" என்று மட்டும் கேட்டார். மூன்று வாரம் என்றேன். "அவ்ளோ நாளா?" என்றார். நான் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கண் தெரியாதவரிடம் பாலிஷைப் பற்றி என்ன கேட்பது என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அவர்கள் திருவொற்றியூரில் டீச்சரின் தங்கை வீட்டுக்குப் போனார்கள். நாங்கள் வேலையைத் தொடங்கினோம். தரைக்காரனுக்குக் கிறீச்சிடும் பலகை என்றால் மானப் பிரச்சினை. ஆணி தளர்ந்து, பலகை கீழேயிருக்கும் சட்டத்தோடு உரசுவதால் வருகிற சத்தம் அது. ஒருவர் நடக்க, நான் காதைக் கொடுத்துக் கேட்டு, சத்தம் வருகிற இடத்தில் எல்லாம் சாக்பீஸால் குறி போட்டேன். இருபத்தாறு இடங்கள். ஒவ்வொன்றிலும் பலகையைச் சட்டத்தோடு திருகாணியால் இறுக்கி, திருகாணித் தலையின் மேல் தேக்குக் கட்டை அடைத்து, ஆட்டம் இருந்த இடத்தில் மெல்லிய ஆப்பு செருகினேன். மாடிப்படியின் உச்சியில் இருந்த பலகையின் ஒரு முனை மழை ஒழுக்கில் இற்றுப்போயிருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதுப் பலகை போட்டேன்.

கடைசிப் பூச்சு காய்ந்த பிறகு வீடு முழுக்கக் குதிகாலை ஊன்றி நடந்து பார்த்தேன். பூனை நடந்த சத்தம்கூட இல்லை. பாய் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார், முட்டி போட்டுத் தடவிப் பார்த்தார், சாப்பிட்டாயா என்று கேட்காமல் போய்விட்டார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவே இல்லை, ஒரு சாண் மேலேதான் நடந்தேன்.

வீட்டுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். டீச்சர் வாசலிலேயே கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று அடி வைத்தார். நின்றார்.

"ரோசி, நம்ம வூட்டுக்குத்தான் வந்துகிறமா?" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நானும் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன்.

ஐந்தாம் நாள் டீச்சர் பாய்க்குப் போன் செய்து அழுதிருக்கிறார். ஐயா முதல் நாளே நேராகப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார். அடுத்த நாள் நாற்காலியிலிருந்து எழுந்தவர், சமையலறைக்குப் போவதாக நினைத்து பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றிருக்கிறார். டீச்சர் போன் செய்த அன்று காலை பாத்ரூமுக்குப் போக எழுந்தவருக்குத் திசை தவறி, மாடிப்படியில் கால் வெற்றிடத்தில் இறங்கிவிட்டது. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியதால் பிழைத்தார். நெற்றியில் அடி. மகன் துபாயிலிருந்து முடிவாகச் சொல்லிவிட்டார்: ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், மாதவரத்தில் கீழ்த்தள ஃபிளாட் பார்த்தாகிவிட்டது, அப்பாவைக் கைபிடித்து நடத்த ஒரு ஆளும் வைத்தாகிவிட்டது, இந்த வீட்டைப் பூட்டிவிடலாம்.

பாயும் நானும் போனோம். ஐயா நெற்றியில் பிளாஸ்திரியோடு அதே பிரம்பு நாற்காலியில் இருந்தார். பாய் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். புதுப் பாலிஷ் முதல் வாரம் கொஞ்சம் வழுக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று அளந்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை.

"வழுக்கல நைனா" என்றார் ஐயா. கோபமே இல்லை. "சத்தம் வரல. சத்தம் இல்லாம நான் எங்க கீறேன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் கையை நீட்டிக் காட்டினார்.

"கட்லுலேர்ந்து நாலாவது அடில ஒண்ணு கத்தும். அத்தோட பீச்சாங்கை பக்கம் திரும்புனா பாத்ரூம். அந்தாண்ட ஒண்ணு கீது, அது முனகும். அங்க திரும்புனா கிச்சன். மாடிப்படி வாசல்ல கீறது ரெண்டு வாட்டி கத்தும். ரெண்டாவது வாட்டி கத்திச்சின்னா அதுக்கு மேல நான் கால வெக்க மாட்டேன். ஆறு வருசமா அத்த வெச்சித்தான் நடந்துகினு கீறேன். இப்ப எல்லாம் ஒரே மாரி கீது. நடுக்கடல்ல உட்ட மாரி."

டீச்சர் அவரையே பார்த்தார். "எனக்கே தெரியாதே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

"எனக்கும் அது போன அப்பால தான தெரியுது ரோசி" என்றார். பிறகு முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினார். "ஒரு வாட்டி கேட்டிருந்தா, கத்துற பலகையில கைய வெக்காதன்னாவது சொல்லிருப்பேன்."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சாப்ட்டியா முருகேசா?"

இருபத்தாறு சத்தத்தையும் தேடித் தேடி அடைத்தவன் நான்தான். ஒரு மனிதர் தன் வீட்டில் தானே நடப்பதையே நான் நிறுத்திவிட்டு, அதற்காக என் தோளை நானே தட்டிக்கொண்டிருக்கிறேன். பாய் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரப் போனார். "பாய், நான் பண்றேன்" என்றேன். அவர் நகர்ந்து உட்கார்ந்து எனக்குப் பக்கத்தில் இடம் விட்டார். புதன்கிழமை அது. மகன் வருவதற்கு நான்கு நாள் இருந்தது.

கத்தும் பலகையைச் சரிசெய்ய எங்களுக்கு நூறு வழி தெரியும். கத்தாத பலகையைக் கத்த வைக்க ஒரு வழியும் தெரியாது. யாரும் கேட்டதில்லை. ஐயாவை ஹாலுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். இருபத்தாறும் வேண்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? ஏழு போதும். மத்ததெல்லாம் சும்மா கத்திகினு இருந்ததுங்க. நம்ம ஹார்பர் ஆபீஸ்லயும் அப்டித்தான், ஏழு பேர்தான் வேல செய்வான்."

முதல் கட்டையைக் குடைந்து எடுத்து, திருகாணியைக் கழற்றி, பழைய ஓட்டையிலேயே பழைய ஆணியை அடித்தேன். பாய் ஏறி மிதித்தார். சத்தம் வந்தது.

"இது இல்ல. இது எலி மாரி கத்துது. அது இழுத்துகினு கத்தும்."

ஆணியை ஒரு நூல் தூக்கினேன். ஆப்பை உருவினேன். பாய் மறுபடி மிதித்தார். ஐயா தலையைச் சாய்த்துக் கேட்டார். "இன்னும் கொஞ்சம். ஆங்... இன்னும். நிறுத்து, நிறுத்து, அதேதான்!" கப்பலைக் கரையில் கட்டும்போது இப்படித்தான் கத்தியிருப்பார் போல. மத்தியானத்துக்குள் அவர் குரலில் சாரங்கு திரும்ப வந்துவிட்டார். பாயையே "அந்தாளு வெயிட்டு பத்தல, கொஞ்சம் அழுத்தி மிதிக்கச் சொல்லு" என்று அதட்டினார். பாயை அதட்டி நான் பார்த்த ஒரே ஆள் ஐயாதான். பாய் மறுபேச்சு இல்லாமல் அழுத்தி மிதித்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆறு சத்தம் வந்துவிட்டது. மாடிப்படி உச்சிதான் வரவில்லை. அது நான் போட்ட புதுப் பலகை. அதைத் தளர்த்தினால் ஆடியதே தவிரக் கத்தவில்லை. மிக முக்கியமானதே அதுதான். அது இல்லாவிட்டால் மற்ற ஆறும் வீண்.

"பழைய பலகை எங்க?" என்றார் பாய்.

பழைய தேக்கை நாங்கள் எறிவதில்லை, ஒட்டுப்போட ஆகும் என்று பட்டறையில் போட்டுவைப்போம். சனிக்கிழமை விடியற்காலையில் போய் மொத்தக் குவியலையும் கலைத்தேன். யாரோ அதைப் பாலிஷ் டின் வைக்கும் பரணாக்கியிருந்தார்கள். டின்களை இறக்கிவிட்டுத் தோளில் வைத்து நடந்தே கொண்டுவந்தேன். இற்ற முனையை வெட்டிய பிறகும் இரண்டு சட்டத்தில் உட்காரும் அளவுக்கு நீளம் இருந்தது. வெட்டிய இடத்தில் புதுத்துண்டைச் சேர்த்து, மேல்பக்கத்தைக் கையால் சிலாம்பு போகத் தேய்த்து மெழுகு போட்டேன். கீழ்ச்சட்டத்தில் ஒரு மயிரிழை மரத்தைச் சீவி, பலகை மிதித்தால் இறங்கி, எடுத்தால் ஏறும்படி வைத்தேன்.

பாய் மிதித்தார். கால் வைக்கும்போது ஒரு முறை, உடம்பு முன்னால் சாயும்போது இன்னொரு முறை. இரண்டு. ஐயா நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்தார்.

டீச்சர் ஓடிவந்து கையைப் பிடித்தார். "உடு ரோசி" என்றார். டீச்சர் விட்டுவிட்டார், ஆனால் கையை மடக்காமல் அப்படியே வைத்திருந்தார். ஐயா அறைக்குப் போய்க் கட்டிலைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். நான்காவது அடியில் கத்தியது. திரும்பினார், பாத்ரூம் கதவைத் தொட்டார். சமையலறைக்குப் போய் வந்தார். பிறகு மாடிப்படியை நோக்கி நடந்தார். நான் ஓசைப்படாமல் இரண்டு படி கீழே இறங்கி, விழுந்தால் தாங்க இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

அவர் பாதி வழியில் நின்றார். "கீழ யாரு நிக்கறது?"

"நான்தான் ஐயா."

"உன் வேலய நீயே நம்பலன்னா நான் எப்டி நம்புறது? மேல வா."

மேலே வந்தேன். கைகளைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டேன். ஐயா நடந்தார். பலகை ஒரு முறை கத்தியது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். இரண்டாவது முறை கத்தியது. அவர் கால் அங்கேயே நின்றது. விளிம்புக்கு ஒரு சாண் இருந்தது. கையை நீட்டி, தேடாமல், கைப்பிடியைப் பிடித்தார்.

அப்போது ஹாலின் அந்தக் கோடியில், ஜன்னலோரம் சார்ஜில் இருந்த போன் அடித்தது. விமானம் ஏறும் முன் மகன் கூப்பிடுவார் என்று டீச்சர் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் எடுக்க ஓடப்போனார், பாயும் நகர்ந்தார். ஐயா கையை உயர்த்தி எல்லோரையும் உட்காரச் சொன்னார். திரும்பி ஹாலின் குறுக்கே நடந்தார். ஒரு பலகை முனகியது, இன்னொன்று இழுத்துக்கொண்டு கத்தியது. போன் விடாமல் அடித்தது. ஜன்னலருகே போய் நின்று, மேஜையைத் தடவி, எடுத்தார்.

"ஆங், நான்தான் பேசறேன்... அம்மாவா? அவ அந்தாண்ட குந்திகினு கீறா. நானேதான் நடந்து வந்து எட்த்தேன்... ஆமாடா, நானேதான்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆளும் வாணாம், ஃபிளாட்டும் வாணாம். நீ லீவுக்கு வர்ற மாரி சும்மா வா. வஞ்சிரம் வாங்கி வெக்கச் சொல்றேன்."